ஊரிக் கதைக்கு ஒன்லைன்: பிள்ளை முதலா, வாவி முதலா?

வாவிக்கரை:
சிறுவர்களுக்கு ஒரு மாயக் கதை எழுதி வைத்திருக்கிறேன். குறும்படப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்ப 30 சொல்லுக்குள் லாக்லைன், அதாவது கதையைச் சுருக்கிச் சொல்லும் ஒன்லைன் வேண்டுமாம். நான் எழுதியது இது:

“மட்டக்களப்பு வாவியில் பறுவ இரவுகளில் ஒரு மாய இசை கேட்கிறது. அந்த மர்ம உலகத்துக்குள் நுழையும் சிறுமி ஒருத்தி நட்பையும் துணிவையும் கற்றுக்கொள்கிறாள்.”

(பறுவம் என்றால் பௌர்ணமி.) கதை இதுதான். அம்மம்மாவுக்கு மறதி நோய். பேத்தி கல்லடிப் பாலத்தடியில் எடுத்து வந்த ஊரியை (சங்கு போன்ற சிறு நத்தை ஓடு) அவருடைய காதில் வைத்ததும், மறந்துபோன தாலாட்டு முழுதாக வந்துவிடுகிறது. அன்றிரவே வாவி பாடுவதை நிறுத்துகிறது, மீன்களும் விலகிப் போகின்றன. ஊரியைத் திருப்பிக் கொடுத்தால் அம்மம்மா மறுபடியும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். என் வரி சரியா?

அக்கரைப்பற்று நானா:
தங்கச்சி, கதையை வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தக் கதை உங்கள் லாக்லைனில் இல்லையே. அம்மம்மா எங்கே? ஊரி எங்கே? “துணிவைக் கற்றுக்கொள்கிறாள்” என்பதை எந்தக் கமரா பிடிக்கும்? அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும், அதற்காக என்ன செய்தாள், அதனால் என்ன கெட்டது, எதற்குள் முடிக்க வேண்டும், இவ்வளவும் வர வேண்டும். பெயர் வேண்டாம். “பத்து வயதுச் சிறுமி” என்றாலே வாசிப்பவருக்கு ஆள் தெரிந்துவிடும். முடிவையும் சொல்ல வேண்டாம். அப்புறம், வெளியூர்க்காரருக்கு ஊரி என்றால் விளங்காது, “மாயச் சங்கு” என்று மாற்றுங்கள்.

காரைதீவான்:
நானா, இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆசை, தடை, காலக்கெடு என்ற அச்சில் போட்டால் எந்த ஊர்ச் சிறுவர் படமும் ஒரே படமாகத்தான் தெரியும். இந்தக் கதையை இந்த ஊர்க் கதையாக்குவது வாவி. எங்கள் ஊரில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வந்த யாழ்நூலில் இந்த வாவியின் இசையை நீரரமகளிரோடு, அதாவது நீரில் வாழும் தேவதைப் பெண்களோடு சேர்த்துப் பாடியிருக்கிறார். அந்தப் பெருமை முதல் வரியில் வர வேண்டும். ஊரி என்ற சொல்லை எடுத்துவிட்டால் இது யார் கதை?

அக்கரைப்பற்று நானா:
தம்பி, வாவி பாடுவது எங்களுக்கு மாயமே இல்லை, அதுதான் என் சிக்கல். தோணிக்காரர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காது வைத்துக் கேட்கிறார்கள். எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1848இல் இங்கே வந்து தன் காதாலேயே கேட்டு, நூலிலும் எழுதிவைத்தார். ஆக, பாட்டு ஊரில் உள்ள விசயம். இந்தக் கதையின் மாயம் ஒன்றே ஒன்று: அந்த ஊரி அம்மம்மாவுக்கு நினைவைத் திருப்பித் தருகிறது. அதற்கு விலையாகப் போவது வாவியின் குரல். மாயக் கதைக்கான லாக்லைனில் ஒரு மாயமும் அதன் விலையும் இருந்தால் போதும். வாவியின் புகழை முதலில் விரித்தால் அது சுற்றுலா விளம்பரம் மாதிரி ஆகிவிடும், பிள்ளை பின்னால் தள்ளப்பட்டுவிடுவாள்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
தம்பி காரைதீவான், இந்த அச்சு எங்களுக்குப் புதிதா என்ன? வடமோடிக் கூத்தில் கட்டியகாரன் வந்து யார் வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்து ராசா வரவில், தான் யார், எதற்கு வந்தேன் என்று அவரே பாடுகிறார். அதற்குப் பிறகுதான் கதை நகரும். விடியவிடியச் சனம் குந்தியிருந்து பார்க்கிறது என்றால், அந்த ஆள் என்ன ஆவான் என்று பார்க்கத்தானே.

ஆனால் ஊரி விசயத்தில் நான் தம்பி பக்கம். சங்கு என்றால் ஊதுவது நினைவுக்கு வரும். “பாடும் ஊரி” என்று எழுதினால் வேறு விளக்கம் தேவையில்லை.

எனக்கு ஒரு பயமும் இருந்தது. அம்மம்மாவா ஊரின் மீனா என்று பத்து வயதுப் பிள்ளையை நிறுத்துவது பார்க்கிற சின்னவர்களுக்குப் பாரமாக இருக்குமோ என்று. இன்று தரம் 5 பிள்ளைகளிடம் முதலில் உங்கள் பழைய வரியை வாசித்தேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பிறகு ஊரியையும் அம்மம்மாவையும் சொன்னேன். பின் வரிசையில் இருந்த ஒருவன் எழும்பி, “இன்னொரு ஊரி எடுத்தால் என்ன டீச்சர்?” என்றான்.

அக்கரைப்பற்று நானா:
டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் சலாம். கதையில் உள்ள ஓட்டையையே காட்டிவிட்டான். பழைய வரியைக் கேட்டு யாருக்கும் அப்படி ஒரு கேள்வி வந்திருக்காது. சரி, சங்கை விட்டுவிட்டேன், ஊரியே இருக்கட்டும்.

காரைதீவான்:
பிள்ளை முன்னுக்கு வருவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “பாடும் வாவி” என்ற இரண்டு சொல்லை யாரும் வெட்டக் கூடாது. வாவி ஊமையாவது வலிக்க வேண்டுமென்றால், அது பாடியது என்று முதலே தெரிந்திருக்க வேண்டும்.

வாவிக்கரை:
இரவு முழுக்க இருந்து திருத்தினேன். 24 சொல்:

“மறதிக்குள் மூழ்கும் அம்மம்மாவை மீட்க, பாடும் வாவியின் ஒரேயொரு தாய் ஊரியை ஒளித்துவரும் பத்து வயதுச் சிறுமி, வாவி ஊமையானதும், வரும் பறுவத்துக்குள் அம்மம்மாவின் பாட்டா ஊரின் மீனா என்று முடிவெடுக்க வேண்டும்.”

“ஒரேயொரு தாய் ஊரி” அந்தப் பையனுக்கான பதில். மற்ற ஊரிகள் அதைக் கேட்டுத்தான் பாடும் என்று கதையிலும் மாற்றிவிட்டேன். டீச்சர், நாளைக்கு இதை வகுப்பில் வாசிப்பீர்களா? அவன் இன்னும் ஏதாவது கேட்டால், கேட்டபடியே எழுதி அனுப்புங்கள்.