பையூ கன்ட்ரி: பெயரை மாற்றினால் நிலம் மாறிவிடுமா?

வினா
எழுதியவர்: வரைபலகை

அனைவருக்கும் வணக்கம். நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி. இயங்கிவரும் ஒரு கேளிக்கைப் பூங்காவின் ஏதேனும் ஒரு பகுதி எவ்வாறு மறுவடிவமைக்கப்பட்டது என்று ஆராய்ந்து எழுதுவது இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தரப்பட்டுள்ள பணி. கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்டின் பையூ கன்ட்ரியை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சென்ற கோடையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் முழுவதும் அங்கே சுற்றிப் பார்த்தேன்.

பூங்காவின் இந்த மூலை போட்டிருக்கும் வேடங்களில் இது நான்காவது. 1955-இல் பூங்கா திறந்ததை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே அமெரிக்கப் பழங்குடியினர் கிராமம் ஒன்று இருந்தது. 1972-இல் அது பேர் கன்ட்ரி ஆயிற்று. 1988-இல் கிரிட்டர் கன்ட்ரி ஆயிற்று. 2024 நவம்பர் 15 முதல், லூசியானாவின் நீர்வழிகளைக் குறிக்கும் பெயரோடு பையூ கன்ட்ரி. கடைசி மாற்றத்துக்குக் காரணம் ஒரு சவாரி. 1989-இல் திறக்கப்பட்ட ஸ்பிளாஷ் மவுன்டன், அடிமை முறை ஒழிந்ததற்குப் பிந்தைய காலத்துத் தோட்ட வாழ்க்கைக்குச் சர்க்கரை பூசிக் காட்டியதாக வெளிவந்த நாள் தொட்டே கண்டிக்கப்பட்ட 1946-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் விலங்குக் கதைகளைக் கொண்டு அமைக்கப்பட்டிருந்தது. 2020 ஜூனில் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2023 மே மாத இறுதியில் அந்தச் சவாரி மூடப்பட்டது. அதே பாதையில், அதே மலைக்குள், டிஸ்னி திரைப்பட நாயகியான நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையற்கலைப் பெண் டியானாவின் கதையுடன் டியானாஸ் பையூ அட்வென்ச்சர் திறக்கப்பட்டது. ஃப்ளோரிடா பூங்காவில் இதன் உடன்பிறப்பு 2024 ஜூன் 28 அன்றே திறந்துவிட்டது.

எனக்கு இரண்டு ஐயங்கள். நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலம் தட்டையான நிலம் என்றே படித்திருக்கிறேன். அப்படியிருக்க, சுமார் 50 அடி உயரத்திலிருந்து படகு விழும் ஒரு மலையை அங்கே எப்படி நியாயப்படுத்துவது? இரண்டாவது, ஒரு சவாரியையும் சில கடைகளின் பெயர்ப்பலகைகளையும் மாற்றிவிட்டால் அதை ஒரு புதிய நிலம் என்று சொல்லிவிடலாமா?

மறுமொழி 1
எழுதியவர்: கழிமுகம்

வேலை நிமித்தமாகத் தெற்கு லூசியானாவில் ஆறு ஆண்டுகள் வசித்தவன் என்பதால் முதல் ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது சரியே. அம்மாநிலத்தின் மிக உயரமான இடமான டிரிஸ்கில் மலை வெறும் 535 அடிதான். அதுவும் வடக்கே, கடற்கரைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் கடற்கரையை ஒட்டிய சதுப்புப் பகுதியில் இயற்கையே செய்துவைத்த ஒரு விதிவிலக்கு உண்டு. கரும்புக் காடும் நாணலுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில் காரை ஓட்டிச் செல்லும்போது, அடர்ந்த ஓக் மரங்கள் போர்த்திய ஒரு மேடு திடீரென்று எழுந்து நிற்கும். அதுதான் ஏவரி தீவு. கடல் மட்டத்திலிருந்து 160 அடி அளவே உயரம் என்றாலும், சுற்றிலும் எதுவுமே உயராத நாட்டில் அது மலையாகத்தான் தெரிகிறது. டபாஸ்கோ மிளகாய்ச் சாறு 1868 முதல் தயாராகிவரும் இடமும் அதுவே.

அந்த மேட்டுக்கு அடியில் இருப்பது பாறை அன்று, உப்பு. ஜுராசிக் காலத்தில் வற்றிய கடல் விட்டுச்சென்ற உப்புப் படிவத்தின் மேல், ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வண்டலைக் கொட்டின. உப்பு, இறுகிய வண்டலைவிட எடை குறைந்தது. பெரும் அழுத்தத்தில் அது களியைப் போல் நகரவும் செய்யும். பிசைந்த மாவை உள்ளங்கையால் அழுத்தினால் விரலிடுக்கு வழியே மேலே பிதுங்குமல்லவா, அதுபோல உப்புத் தூண்கள் வண்டலைத் துளைத்துக்கொண்டு மேலெழுந்து நிலத்தையே தூக்கிவிட்டன. சவாரியை வடிவமைத்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த உண்மையைத்தான். அவர்கள் அறிவித்த கதைப்படி, டியானா ஒரு பழைய உப்புச் சுரங்க மேட்டை வாங்கி, உழைப்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் உணவுக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றை அங்கே நடத்துகிறாள். கட்டடத்தை இடிக்காமல் அதற்கேற்ற நிலவியலைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன்.

அந்த ஊரில் உப்புச் சுரங்கம் என்றவுடன் பெரியவர்கள் பெனியூர் ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 1980 நவம்பர் 20 அன்று, எண்ணெய்க்காக ஏரியில் துளையிட்டவர்கள் கீழே இருந்த உப்புச் சுரங்கத்தின் கூரையைத் துளைத்துவிட்டார்கள். துளையிடும் மேடை, சரக்குப் படகுகள், கரையோர நிலம் எல்லாவற்றையும் ஏரி சுழித்து விழுங்கிற்று. கடலுக்குப் போகும் கால்வாய் திசை மாறி ஏரிக்குள் பாய்ந்தது. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. நீர் விழும் சவாரி ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான முன்கதை கிடைக்காது; குழந்தைகள் வரும் இடம் என்பதால் தவிர்த்திருப்பார்கள் போலும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையூ என்பதைப் பலரும் சதுப்பு நிலம் என்று பொருள் கொள்கிறார்கள். சாக்டா பழங்குடி மொழியில் சிற்றோடையைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக இப்படித் திரிந்தது. சதுப்புக் காட்டின் ஊடே, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி மெல்ல நகரும் நீர்வழியே பையூ. உங்கள் கட்டுரையில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: நாற்றங்கால்

நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் பொதுத் தோட்டங்களை வடிவமைக்கும் தொழிலில் இருப்பவன். இரண்டாவது ஐயத்துக்கு என் விடை: நிலம் மாறியிருக்கிறது, ஆனால் அதை மாற்றியதில் சவாரிக்கு இருக்கும் பங்கைவிட, பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கும் பங்கு பெரிது.

அனஹைமில் இந்த மூலைக்குப் போக வேண்டுமானால் நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தைக் கடந்து, ஹான்டட் மேன்ஷன் மாளிகையின் ஓரமாக நடக்க வேண்டும். அந்தச் சதுக்கம் 1966-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திறந்த கடற்கொள்ளையர் சவாரியின் தொடக்கமே ஒரு பையூதான்: படகு இருட்டுக்குள் மெல்ல நழுவும், மின்மினிகள் மினுங்கும், தவளைச் சத்தம் கேட்கும், ஒரு குடிசைத் திண்ணையில் கிழவர் ஒருவர் ஆடுநாற்காலியில் அமர்ந்து புகைபிடித்துக்கொண்டிருப்பார், எதிர்க்கரையில் ப்ளூ பையூ உணவகத்தில் மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆக, பையூ அந்த இடத்துக்குப் புதிதே அன்று. கூரைக்குள் 57 ஆண்டுகளாக இருந்தது இப்போது வெளியே வந்திருக்கிறது. நகரம், அதன் விளிம்பில் பழைய மாளிகை, மாளிகைக்கு அப்பால் காட்டு நீர்வழி என்று நியூ ஆர்லியன்ஸின் புறநகர் எப்படிக் கலையுமோ, அந்த வரிசையிலேயே நம்மை நடத்திச் செல்கிறார்கள். முன்பு மாளிகையைத் தாண்டியவுடன் ஜார்ஜியாவின் முயலும் நரியும் வந்து நின்றதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

இதையே ஃப்ளோரிடாவில் பாருங்கள். அங்கே பூங்கா கட்டப்பட்டதே சைப்ரஸ் மரங்கள் தாமாக வளரும் உண்மையான சதுப்பில்தான். காற்றிலும் ஈரம் உண்டு. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம் அங்கே கிடையாது. சவாரி நிற்பது பழைய அமெரிக்க மேற்கு நாட்டைக் காட்டும் பகுதியில். அண்டை வீடு, வறண்ட பாலைவனத்துச் செம்பாறைகளைப் போல அமைத்த பிக் தண்டர் மவுன்டன். போதாக்குறைக்கு, அருகிலிருந்த பெரிய ஆற்றையும் 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். தட்பவெப்பம் ஒரு பூங்காவுக்கு வாய்த்திருக்கிறது, அக்கம்பக்கம் மற்றொன்றுக்கு வாய்த்திருக்கிறது. எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அக்கம்பக்கத்தையே கேட்பேன். செடியை வாங்கி நட்டுவிடலாம்.

அந்தச் செடியும் எளிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஆர்லியன்ஸில் ஆண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது; அனஹைமில் 15 அங்குலம்கூடக் கிடைப்பது அரிது. பையூ என்றதும் நம் மனக்கண்ணில் கிளைகளிலிருந்து தாடியாகத் தொங்கும் ஸ்பானியப் பாசி ஸ்பெயினைச் சேர்ந்ததும் அன்று, பாசியும் அன்று. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த அது, வேரை மண்ணில் ஊன்றாமல் மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் குடித்து வாழ்வது. இங்கே சாந்தா ஆனா வறட்காற்று அடிக்கத் தொடங்கினால் தேங்காய் நார்போல் முறுகிவிடும். சதுப்பு சைப்ரஸ் மரமோ, ஊசியிலை இனமாக இருந்தும் குளிர்காலத்தில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்பதால்தான் அதன் ஆங்கிலப் பெயரிலேயே வழுக்கை ஒட்டிக்கொண்டது. டிசம்பர் விடுமுறைக் கூட்டத்துக்கு மொட்டை மரத்தைக் காட்ட எந்தப் பூங்காவும் துணியாது. அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதன் மெக்சிகோ உறவினமான சைப்ரஸை நாடுவதுண்டு. மிதமான குளிரில் அது பெரும்பாலும் பசுமையை விடாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அனஹைமுக்குப் பழைய அதிர்ஷ்டம். நீராவிப் படகை நடத்திச் செல்லும் தண்டவாளம் கண்ணில் படக்கூடாது என்பதற்காகப் பூங்காவின் ஆற்றுநீரை எப்போதுமே கலங்கலாக வைத்திருக்கிறார்கள். உதிர்ந்த இலைகள் ஊறிக் கடுந்தேநீர் நிறத்தில் கிடக்கும் பையூ நீருக்கு இதைவிட நெருக்கமாகச் செயற்கையில் போக முடியாது.

மறுமொழி 3
எழுதியவர்: பழைய நுழைவுச்சீட்டு

நாற்றங்கால் அவர்களின் விளக்கத்தை ரசித்தேன். ஆனாலும் உடன்பட முடியவில்லை. அந்தப் பகுதியின் உள்ளே இருக்கும் மற்ற பெரிய சவாரி 2003-இல் வந்த வின்னி தி பூ. தேன் குடத்தில் தலையை விட்ட அந்தக் கரடி இங்கிலாந்துக் காட்டுக்காரர். அவருக்கும் முதலைக்கும் என்ன உறவு? சவாரிக்குள் ஓரிடத்தில் தலையைத் திருப்பிப் பின்பக்கம் மேலே பார்த்தால், 1972-இல் வந்த இயந்திரக் கரடிகளின் பாட்டுக் கச்சேரியிலிருந்து மிஞ்சிய மான், எருமை, மூஸ் தலைகள் மூன்றும் இன்னும் சுவரில் தொங்குகின்றன. பெரிய உணவகத்தின் பெயரில் 2024-இல் மாற்றிய பிறகும் கரடிதான் இருக்கிறது. ஆக, அடுக்கடுக்காகப் பழைய வேடங்கள் எல்லாம் கிழிசல் வழியே தெரிகின்றன. ஒரு நிலத்தின் பெயர் அங்குள்ள எல்லாவற்றையும் தாங்க வேண்டாமா?

மறுமொழி 4
எழுதியவர்: வரைபலகை

மூவருக்கும் மிக்க நன்றி. உப்பு மேட்டைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. பழைய நுழைவுச்சீட்டு ஐயா சொன்ன தலைகளைத் தேடிப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று இப்போது வருந்துகிறேன். கதையும் சற்று மெலிந்திருப்பதாக எனக்குத் தோன்றிற்று: மார்டி கிரா திருவிழா விருந்துக்கு இசைக்குழு வேண்டும் என்று தேடிப் போகிறோம், காட்டு விலங்குகளே இசைக்கலைஞர்களாகக் கிடைக்கின்றன, அவ்வளவுதான். பகை இல்லை, துரத்தல் இல்லை. ஆகவே கடைசி வீழ்ச்சி ஏன் வருகிறது என்று படகில் இருந்த என் அக்கா மகனே கேட்டான்.

மறுமொழி 5
எழுதியவர்: அடுக்களை

உங்கள் அக்கா மகன் கேட்டது சரியான கேள்வி. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. சமையலே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு பெண்ணின் கதையை எடுத்துக்கொண்டு, அவளுடைய சமையலறையை எல்லைக்கு அப்பால் வைத்துவிட்டார்கள். டியானாஸ் பேலஸ் உணவகம் 2023 செப்டம்பரில் திறந்தது நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தில். பையூ கன்ட்ரியின் சொந்த உணவகத்திலோ கரடியின் பெயரில் சுட்ட இறைச்சி கிடைக்கிறது.

டியானா பாத்திரத்துக்கு உந்துதலாக இருந்தவர் நியூ ஆர்லியன்ஸில் டூக்கி சேஸ் உணவகத்தை நடத்திய லேயா சேஸ். 1923-இல் பிறந்து 2019-இல் மறைந்தவர். ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று அவர் சமைத்த கீரை கம்போ பெயர் பெற்றது. கம்போ என்ற சொல்லே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிப்பதிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வெண்டைக்காய், மாவைக் கொழுப்பில் சிவக்க வறுக்கும் பிரெஞ்சுக்காரர்களின் முறை, சாசஃப்ராஸ் இலையைப் பொடித்துத் தூவும் சாக்டா மக்களின் பழக்கம் ஆகியவை ஒரே சட்டியில் சேர்ந்த குழம்பு அது. ஒரு நிலத்தின் வரலாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க முடிகிறபோது, அதை எல்லைக்கு அப்பால் விற்பானேன்?

இசையில் ஒரு நுணுக்கம். கதை 1920-களில் நடப்பது. ஆனால் சவாரியில் ஒலிக்கும் லூசியானா நாட்டார் இசைக்கு ஸைடகோ என்ற பெயர் நிலைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். பீன்ஸில் உப்பு இல்லை என்று புலம்பும் ஒரு பழைய பிரெஞ்சு மொழித் தொடரில் பீன்ஸைக் குறிக்கும் சொல் மருவி அப்பெயர் பிறந்தது என்பார்கள். கறிக்கு உப்பு வாங்கக் காசில்லாத வீட்டின் புலம்பல் அது. உப்பு மேட்டின் மேலேயே கதையை வைத்தவர்கள் இதைத் தவறவிட்டது எனக்கு ஆற்றவில்லை.

மறுமொழி 6
எழுதியவர்: நாற்றங்கால்

பழைய நுழைவுச்சீட்டு அவர்கள் சொன்ன கிழிசல்களை மறுக்கவில்லை. தைக்க நினைத்தால் முதல் தையலை அங்குள்ள துடுப்புப் படகுகளில் போடலாம். பயணிகளே துடுப்பு வலிக்கும் அந்தப் படகுகள் இன்னும் பழைய அமெரிக்க எல்லைப்புற வீரர் டேவி கிராக்கெட் பெயரிலேயே ஓடுகின்றன. லூசியானாவில் ஒரே சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்த, முழங்கால் நீரிலும் போகக்கூடிய பிரோக் என்ற படகு உண்டு. உருவத்தையும் பெயரையும் அதற்கு மாற்றினால் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.

மாணவிக்கு: மாளிகையின் வேலியிலிருந்து படகுத்துறை வரை ஒரு குறுக்குவெட்டுப் படம் வரையுங்கள். எந்த இடத்தில் நகரத்தின் சத்தம் நின்று தவளைச் சத்தம் தொடங்குகிறது என்பதை அதில் குறித்துவிட்டு, படத்தை இங்கேயும் பகிருங்கள்.