மாலூரில் ஒன்றரை ஏக்கர்: டைரியில் போட்ட கணக்கும் கையை விட்டுப் போன பணமும்

அல்சூர்க்காரன்:

2022 தை மாதம், பெங்களூருக்குக் கிழக்கே கோலார் மாவட்டத்து மாலூருக்கு அப்பால் 60 குண்டே நிலம் வாங்கினோம். அதாவது ஒன்றரை ஏக்கர். விவசாயி அல்லாதவரும் கர்நாடகத்தில் விவசாய நிலம் வாங்கலாம் என்று 2020இல் சட்டம் திருத்தப்பட்டதுதான் எங்களுக்குத் துணிச்சல் தந்தது. கிரயம் முடிந்த இரவே நானும் மனைவியும் பழைய டைரி ஒன்றில் 12 லட்சத்துக்குக் கணக்கு எழுதினோம். முதல் வரி வீடு: 800 சதுர அடி, திண்ணை, சின்னதாய் ஒரு முற்றம். கடைசி வரி ‘இதர செலவு, 1 லட்சம்’. தண்ணீர், வேலி, மின்சாரம், வழி எல்லாவற்றையும் அந்த ‘இதர’த்துக்குள் அடைத்து வைத்திருந்தோம். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

மாமனார் தருமபுரிப் பக்கம் கேழ்வரகு போட்டவர். டைரியைப் புரட்டிவிட்டு, “மாப்பிள்ளை, இந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் குடிக்கத் தண்ணீர் யார் கொண்டுவருவார்?” என்று மட்டும் கேட்டார்.

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. பெங்களூரில் நாம் கழித்துவிடும் சாக்கடை நீரைச் சுத்திகரித்து 2018 முதல் அங்குள்ள ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். “உங்கள் தண்ணீர் முன்னால் வந்தது, பின்னாலேயே நீங்களும் வந்துவிட்டீர்கள்” என்று பக்கத்து நிலத்துக்காரர் இன்றும் கிண்டல் செய்வார். நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார், தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தோண்டினோம். 1,050 அடி வரை வெறும் புழுதி. வந்த வண்டியைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் இன்னோர் இடத்தில் தோண்டச் சொன்னேன், 1,180 அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் வந்தது. ஆழம் கூடக் கூட அடிக்கான கூலியும் ஏறும் என்பதை வண்டிக்காரர் பில் கொடுத்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு குழி, கேசிங் குழாய், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்ந்து 7 லட்சத்துச் சொச்சம். முற்றம் அன்றே போயிற்று.

அடுத்தது வேலி. இதில் யாரும் சொல்லித்தராத பாடம் ஒன்று உண்டு. எங்கள் நிலம் 120 அடி அகலம், 545 அடி நீளம். சுற்றளவு 1,330 அடி. அதே ஒன்றரை ஏக்கர் சதுரமாக இருந்திருந்தால் 1,023 அடியோடு முடிந்திருக்கும். நிலம் ரிப்பன் போல நீண்டிருந்ததற்கு 300 அடிக் கம்பி வலையும் நாற்பது கல் கம்பமும் அபராதம். விலை பேசும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினோமே தவிர வடிவத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 குதிரைத்திறன் வரையிலான பாசன மோட்டாருக்கு இங்கே கட்டணம் இல்லை, ஆனால் அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு பல்புகூட எரிக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி மீட்டர் வேண்டும். மும்முனை மின்சாரமும் நாளில் சில மணி நேரம்தான் வரும். அதற்குள் நீரை ஏற்றித் தொட்டியில் நிரப்பியாக வேண்டும். வீட்டுக் கடனுக்குப் போனால், விவசாய நிலமாகவே இருக்கிறதே என்று வங்கி கையை விரித்தது.

தொட்டபள்ளாபுரம் பக்கத்திலிருந்து:

நீங்கள் தண்ணீரில் விட்டதை நான் மாட்டில் விட்டேன் ஐயா. பெங்களூர் ஜாலஹள்ளியில் குடியிருந்துகொண்டு வாரக் கடைசியில் மட்டும் தோட்டத்துக்குப் போகிற நான் இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் வாங்கினேன். விலை, கொட்டகை, தவிடு, பிண்ணாக்கு எல்லாம் எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஆள். காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கறக்க வேண்டும். பொங்கலானாலும் சரி, கறப்பவர் வீட்டில் கல்யாணமானாலும் சரி. காவலுக்கு வைத்திருந்த தம்பதி சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போன நாலு நாளும் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிவிட்டு நான் கறந்தேன். விரல் மடங்கவில்லை. ஏழாவது மாதம் இரண்டையும் விற்றேன். பால் சங்கத்திலிருந்து வந்த பணம் தீவனத்துக்கே சரியாகப் போயிருந்தது, சம்பளம் முழுவதும் என் கைக்காசு. இப்போது பன்னிரண்டு நாட்டுக் கோழிகள் இருக்கின்றன. எழுதும்போது பன்னிரண்டு; போன வாரம் கீரி வந்து போனது, காவலரிடம் கேட்டால்தான் சரியான எண்ணிக்கை தெரியும்.

புதிதாக வாங்குபவர்கள் முதலில் ஆள் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதுங்கள். மாடு அதற்கு அப்புறம்.

கனகபுரா சாலை:

என் கதை நிலம் வாங்குவதற்கு முன்பே முடிந்தது. ஓடை, பலா மரம், மலை தெரியும் காட்சி, விலையும் குறைவு. முன்பணமாக 50,000 கொடுத்துவிட்டுத்தான் வக்கீலிடம் காகிதங்களைக் காட்டினேன். பட்டியல் சாதியினருக்கு அரசு வழங்கிய நிலம் அது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை விற்றால் கிரயமே செல்லாது. நிலம் உரியவருக்கே திரும்பும். நியாயமான சட்டம். நடுவில் நின்ற தரகர்தான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முன்பணமும் திரும்பவில்லை. பஹணியில், அதாவது நில உரிமைப் பதிவேட்டில், இன்று யார் பெயர் என்று பார்த்தால் போதாது, அந்த நிலம் முதலில் யாருக்கு எப்படி வந்தது என்றும் பாருங்கள்.

அல்சூர்க்காரன்:

தொட்டபள்ளாபுரம் அம்மா சொன்ன ஆள் சம்பளம் என் டைரியிலும் இல்லை, நேற்றிரவு எழுதிச் சேர்த்தேன்.

வீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 400 சதுர அடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, மங்களூர் ஓடு. திண்ணையை மட்டும் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. அதையும் சேர்த்தால் கூரை 600 சதுர அடி, கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் பெய்தால் சிந்திச் சிதறியது போக 30,000 லிட்டராவது தேறும். 1,180 அடிக்குக் கீழே போய்த் தேடியது தலைக்கு மேலே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அதுவே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. மாமனாரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு குடித்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆடியில் கேழ்வரகு விதைத்து, இடையில் அவரை போடலாம் என்றிருக்கிறோம். மாலூர் சுற்றுவட்டாரத்தில் ஏர் மாடும் விதைக்கும் கருவியும் வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். டிராக்டர்காரர்கள் ஒன்றரை ஏக்கர் என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள்.