மறு: இடக்குறி / இடச்சுட்டு / இடவெண்: திங்களுக்குள் முடிவு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மாணவர் கையேடு திங்கள் காலை அச்சகத்துக்குப் போகிறது. வரைபடத்தில் ஓர் இடத்தை அடையாளம் காட்டும் எண்ணையோ குறியீட்டையோ (location identifier) தமிழில் எப்படிச் சொல்வது என்ற நேற்றைய மடல்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> "அடையாளங்காட்டி" வழக்கில் உள்ளதே. முன்னால் "அமைவிட" சேர்த்தால் முடிந்தது.

முடியவில்லை ஐயா. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. பதிந்த வரிசையில் விழும் எண் அது. 2013-க்குள்ளேயே 200 கோடியைத் தாண்டிவிட்டது. எங்கள் மாணவி ஒருத்தி, தெருமுனை அடிகுழாயின் புள்ளி தள்ளியிருக்கிறதென்று அதை அழித்துப் புதிதாக வைத்தாள். குழாய் அதேதான், எண் மாறிவிட்டது. அவள் நோட்டில் பழைய எண்ணுக்கு எதிரே இருந்த "கைப்பிடி உடைசல், தண்ணீர் உப்பு" என்ற குறிப்பு எதனோடும் ஒட்டாமல் நின்றது.

ஜியோஹாஷ், பிளஸ் கோடு போன்ற இடத்தைக் குறிக்கும் குறியீடுகள் எல்லாம் அகலாங்கு நெட்டாங்கிலிருந்து கணக்கிட்டு எடுப்பவை. 10 எழுத்து பிளஸ் கோடு ஏறத்தாழ 14 மீட்டர்க் கட்டம் ஒன்றைக் குறிக்கும். புள்ளியை எத்தனை முறை அழித்து வைத்தாலும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும்வரை அது மாறாது. ஆனால் குழாயைப் பிடுங்கி அடுத்த தெருவில் நட்டால் மாறிவிடும். ஒரே கட்டத்தில் இரண்டு குழாய் இருந்தால் இரண்டுக்கும் ஒன்றே.

நன்னூல் படித்த நமக்கு இந்த வேறுபாடு புதிதா? முன்னது காரணமின்றி இட்ட இடுகுறி, பின்னது காரணம் பற்றி வந்த காரணக்குறி. "அடையாளங்காட்டி" இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

> இடச்சுட்டு?

இலக்கணத்தில் இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை. சுட்டு என்றால் அ, இ, உ. தமிழ் வகுப்பு முடிந்து நேரே கணினி அறைக்கு வரும் பிள்ளை குழம்பும்.

> இடவெண் என்க. இடம் + எண்: மவ்வீறு ஒற்றழிந்து (ம் கெட்டு) உடம்படுமெய் (வ்) பெறும்.

புணர்ச்சி சரி. ஆனால் பிளஸ் கோட்டில் எழுத்தும் கலந்து வருகிறதே, எண் என்பது எப்படிப் பொருந்தும்?

> இடக்குறி வேண்டாம். இடக்கை, இடக்கண் போல இடப்பக்கக் குறி ஆகும். தவிர, குறி என்றாலே எட்டாம் வகுப்பில் சிரிப்பு எழும்.

அம்மா சொல்லும் சிரிப்பை நானும் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் அகத்திணையின் பகற்குறி, இரவுக்குறியை நினையுங்கள். தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம். குறிக்குள்ளேயே இடம் இருக்கிறது! தலைவன் செய்யும் ஒலி போல வேறொன்று கேட்டு, தலைவி வந்து ஏமாந்து திரும்புவது அல்லகுறி. தரவை இணைக்கும்போது ஒரு புள்ளியின் குறிப்பு பக்கத்துப் புள்ளியோடு தவறாக ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை காணவில்லை. இதைத் தனி இழையில் பேச ஆசை.

> அஞ்சல் குறியீடு ஊரறிந்த சொல். அதையொட்டி "இடக்குறியீடு" என்றால் விளக்கமே வேண்டாம்.

ஐந்து பேர் இதற்கு ஆதரவு. "ஈடு" கூடுவதால் சிரிப்பும் அடங்கும் என்கிறார்கள். எனக்கு இடக்குறிதான் பிடித்திருக்கிறது. இடுகுறி, இடக்குறி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கலாம். கரும்பலகையில் சரி, காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும் என்ற மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே கையேட்டில் இடக்குறியீடு என்றே போடுகிறேன். வரிசையில் விழும் எண்ணுக்கு "இடுகுறி எண்" என்பதை விட்டுத்தர மனமில்லை. எதிர்ப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள், மெய்ப்பு அதுவரை என் கையில்தான் இருக்கும்.

அன்புடன்