மீன் குளத்தில் நீர்க்காகங்கள்: சட்டத்தை மீறாமல் என்ன செய்யலாம்?

குளத்துக்காரன்
திருப்போரூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, சென்னையிலிருந்து போய் வந்து கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். மழைக்காலம் முடிந்து மீன்குஞ்சு விட்டதும் நீர்க்காகங்கள் கூட்டமாக இறங்குகின்றன. சில நாள்களில் கூழைக்கடாக்களும் வருகின்றன. பட்டாசு வெடித்ததற்கு முதலில் பறந்தவை, இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மெல்லிய நைலான் வலையைக் கட்டும்படி பக்கத்துக் குளத்தார் சொல்கிறார்கள். அதில் பறவை சிக்கிச் செத்தால் நான் பொறுப்பாவேனா? ஐரோப்பாவில் சுடுவதற்கு அனுமதி தருகிறார்களாமே, இங்கே விண்ணப்பிக்க முடியுமா?

கரையோரம்
ஐரோப்பியப் பறவைகள் நெறிமுறையின் 9ஆம் பிரிவு, வேறு திருப்தியான வழி இல்லாதபோது, மீன்வளத்துக்குக் கடும் சேதம் நேராமல் தடுக்க விலக்கு அளிக்க இடம் தருகிறது. அதைக் கொண்டுதான் அங்கே சுடுகிறார்கள். அது இங்கே செல்லாது; நம்முடையது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, பிடிப்பது, அவற்றுக்கான முயற்சி, முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாமே அதில் வேட்டைதான். பிடிக்கும் நோக்கமோ கொல்லும் நோக்கமோ இல்லாமல் குளத்திலிருந்து விரட்டுவது வேறு என்று நினைக்கிறேன், ஆனால் அந்த வரையறையில் ‘விரட்டுதல்’ என்ற சொல்லும் இருக்கிறது. சிக்கினால் சிக்கட்டும் என்று கட்டும் மெல்லிய வலை எந்தப் பக்கம் சேரும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இலுப்பைத்தோப்பு
சட்டம் இருக்கட்டும். குறைந்த மீனையெல்லாம் பறவைதான் தின்றது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? குளத்தை வற்றவைக்காமல் குஞ்சு விட்டிருந்தால், உள்ளே கிடக்கும் விராலும் கெளுத்தியும் கண்ணுக்குத் தெரியாமல் தின்றிருக்கும். பழி மட்டும் கண்ணுக்குத் தெரிகிற நீர்க்காகத்தின் மேல் விழும். வற்றவைக்க முடியாவிட்டால் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு அவற்றைக் கொன்று, நஞ்சு அடங்க இரண்டு மூன்று வாரம் விட்டு, அதன்பின் குஞ்சு விட்டு இருப்புச் செய்யுங்கள்.

இரண்டு ஏக்கரையும் வலையால் மூடுவது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. நீர்க்காகம் இரையை முழுதாக விழுங்குவதால் அதன் தொண்டைக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த மீன் தப்பிவிடும். ஆகவே ஓரத்தில் சிறு நாற்றங்கால் குளம் வெட்டி, அதற்கு மட்டும் தடித்த நூல் வலையைத் தொய்வின்றி இழுத்துக் கட்டி, குஞ்சுகளைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வரை வளர்த்த பிறகு பெரிய குளத்தில் விடுங்கள். என் கணக்கில் பட்டாசுக்குச் செலவழிப்பதைவிட இதுவே லாபம். பெரிய நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் இந்த அளவு போதாது. அவை பெரிய மீனையும் விழுங்கும்.

நத்தைக்குத்தி
வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் அந்த ஏரியிலேயே இரை தேடுவதில்லை; சுற்றுவட்டார ஏரி குளங்களுக்குப் பறந்துபோய்த்தான் குஞ்சுகளுக்குக் கொண்டுவருகின்றன. நீங்கள் இருப்புச் செய்யும் மாதங்களும் அவை குஞ்சு வளர்க்கும் மாதங்களும் ஒன்றே. ஆழ்துளைக் கிணற்று நீர் இருந்தால் இருப்பைச் சில வாரம் தள்ளிப்போடலாம். நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியும் கயிறுகளைக் குறுக்கே கட்டினால், எழும்புவதற்கு நீரில் ஓடவேண்டிய கூழைக்கடா இறங்கவே தயங்கும். கரைவழியாக நடந்து வரும் கொக்குக்கு இது பயன்படாது.

குளத்துக்காரன்
பெரிய குளத்தை ஒருமுறையும் வற்றவைத்ததில்லை. நாற்றங்காலுக்கு வடகிழக்கு மூலையில் இடம் இருக்கிறது, ஆனால் கோடையில் அங்கே நீர் ஓரடிக்கு மேல் நிற்பதில்லை. அந்த ஆழம் போதுமா?

இலுப்பைத்தோப்பு
போதாது. சூடேறிக் குஞ்சு சாகும், கொக்கும் நின்றபடியே கொத்தும். நாலடியாவது தோண்டுங்கள்.