வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தை நிறுத்திவிடலாமா?

பனைவிளை (வெள்ளி, இரவு 9.40)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. பதிவேட்டில் 180 குடும்பங்கள் உண்டு. ஊரில் குடியிருப்பது பாதிக்குச் சற்று மேல். மற்றவர்கள் சென்னை, மும்பை, வளைகுடா என்று போய்விட்டார்கள். ஊரை ஆறு பகுதிகளாகப் பிரித்து, வெள்ளிதோறும் மாலையில் பகுதிக்கு ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் வைப்பது என் சிறுவயது முதல் உள்ள வழக்கம்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கை அறிவித்தார்கள். அத்தோடு அது நின்றது. அந்த வாரமே வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று ஆலயம் பூட்டிக் கிடக்க, அதிகாலை ஆராதனையை எல்லாரும் அடுக்களையில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். அன்று அந்தக் குழு எங்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆலயம் திறந்த பிறகும் வீட்டு ஜெபம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது சபை மன்றத்துக்கு ஒரு தீர்மானம் வருகிறது: வீட்டு ஜெபம் வேண்டாம், ஜெபக் குறிப்புகளைக் குழுவில் போட்டால் போதும் என்று. நான் எதிர்க்கப்போகிறேன்.

காரணம் இது. போன ஜூலையில் எங்கள் பகுதியில் 74 வயதுப் பாட்டி ஒருவர் துவைகல் அருகே வழுக்கி விழுந்துவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் பேத்தி காலை ஆறு மணிக்குக் குழுவில் எழுதினாள்: "பாட்டி விழுந்துவிட்டார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள்." இரவுக்குள் 63 ஆமென். அதில் ஒன்று என்னுடையது. மூன்றாம் நாள் மனம் உறுத்தி நான் போய்ப் பார்த்தேன். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கணுக்காலைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார். கட்டுக்கு மேலே கால் கறுத்து வீங்கியிருந்தது. அடுப்படியில் கஞ்சி புளித்துப்போய் இருந்தது. பக்கத்து வீட்டு இந்து அம்மா காலையில் நான்கு இட்லி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா பாட்டி?" என்றேன். "கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டாமா ஐயா?" என்றார். ஆலயத்திலிருந்து அந்த வீட்டுக்கு இரண்டு நிமிட நடை.

பசித்திருப்பவனைப் பார்த்து "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று வேதத்தில் யாக்கோபு தன் நிருபத்தில் கேட்டது எங்களைத்தான்.

குவைத் செவிலி (வெள்ளி, இரவு 11.15)

அண்ணன், அந்தப் பாட்டியின் கதை நெஞ்சை அடைக்கிறது. ஆனால் குற்றத்தை இடம் மாற்றிச் சுமத்துகிறீர்கள். குழு செய்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. அதைப் படித்துவிட்டும் செருப்பை மாட்டாதது யார்?

நான் இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. அம்மா நாசரேத் பக்கம் தனியாக இருக்கிறார். உங்கள் வீட்டு ஜெபத்துக்கு நான் எப்படி வருவேன்? என் மகள் குறைமாதத்தில் பிறந்து 27 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது, ஊரில் யார் யாரோ முறை வைத்துக்கொண்டு இரவில் எழுந்து ஜெபித்தார்கள். ஒரு அக்கா தினமும் வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தைத் தன் குரலில் பதிவுசெய்து அனுப்புவார். விடியற்காலை இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று கேட்பேன். பின்னால் அவர் வீட்டுச் சேவலும் கூவும். அந்தச் சேவல் சத்தம் கேட்டுத்தான் ஊரில் எனக்கு ஆள் இருக்கிறது என்று நம்பினேன்.

இது ஒன்றும் புதிதல்ல. 1727-இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியர் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவு விசுவாசிகள் 24 ஆண்கள், 24 பெண்கள் என்று பெயர் கொடுத்து, ஆளுக்கு ஒரு மணி நேரமாக இரவும் பகலும் ஜெபித்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சங்கிலி அறவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் கூடினால்தான் சபை என்று அவர்கள் நினைக்கவில்லை.

உபதேசியார் மகள் (சனி, காலை 6.05)

தங்கச்சி, ஹெர்ன்ஹூட்டைச் சொன்னீர்கள். அதன் முன்கதையையும் சொல்ல வேண்டும். அங்கே இருந்தவர்கள் பல திசையிலிருந்து வந்து தஞ்சம் புகுந்தவர்கள். அந்த வருடம் கோடை வரை ஒருவரோடு ஒருவர் பிணக்கு. ஆகஸ்ட் 13 அன்று திருவிருந்தில் ஒப்புரவானார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஜெபச் சங்கிலி. அவர்கள் ஒரே தெருவில் குடியிருந்து, ஒருவர் அடுப்பில் புகை வருகிறதா என்று மற்றவருக்குத் தெரிந்த நிலையில் ஜெபித்தார்கள். நம் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டு அடுப்பு நமக்குத் தெரியும்?

என் அப்பா உபதேசியாராக, அதாவது போதகருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் ஊழியராக இருந்தவர். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு பக்கம். படுக்கையில் இருப்பவர், பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிக்குப் போகாத பிள்ளை, கடன், இரண்டு வாரமாகக் கோயிலுக்கு வராதவர் என்று பென்சிலால் எழுதுவார். நிலைமை மாறினால் அழித்து எழுத வேண்டும் என்பதற்காகப் பென்சில்.

கைப்பிடி அரிசி உங்களில் பலருக்குத் தெரியும். உலை வைக்குமுன் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். மிசோரத்திலும் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே திருச்சபையின் ஊழியச் செலவில் ஒரு பங்கை அந்த அரிசி தாங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த அரிசியை அளந்து வாங்கியது அம்மா. ஒரு சனிக்கிழமை, வழக்கமாக அரைப்படி தரும் வீட்டிலிருந்து ஒரு சிறங்கைதான் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்தார். இருட்டிய பிறகு அப்பா தோளில் துண்டால் மூடிய பையோடு அந்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டு, வெளியே சொல்லாமல் பதினைந்து நாளாகப் படுத்திருக்கிறார். ஜெபக் குறிப்பு யாரும் கொடுக்கவில்லை. அரிசி குறைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

வாடகை வீட்டுக்காரன் (சனி, காலை 10.30)

அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் நான் பார்த்த வீட்டு ஜெபம் வேறு. சென்னைப் புறநகரில் ஒரு சபையில் நான்கு வருடம் இருந்தேன். எங்கள் ஒற்றை அறையில் ஒரு முறைகூடக் கூட்டம் வைக்கவில்லை. "இடம் போதாது தம்பி" என்பார்கள். கூடம் உள்ள வீடுகளில் மட்டுமே சுற்றிச்சுற்றி நடக்கும். முதலில் டீயும் பிஸ்கட்டும்தான். பிறகு ஒரு வீட்டில் கேசரி, அடுத்த வீட்டில் வடையும் சட்னியும், அதற்கடுத்து இடியாப்பமும் பாயாவும். என் மனைவி ஒருநாள், "நம் முறை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே என்னால் ஜெபிக்க முடியவில்லை" என்றாள். அத்தோடு நின்றுவிட்டோம். ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவரும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வருகிறவனிடம் முதலில் பெயர் கேட்பார்கள். பிறகு ஊர். பிறகு ஊரில் எந்தத் தெரு. தெரு தெரிந்ததும் பேச்சின் தொனி மாறும். இது வீட்டுத் திண்ணையில் நடக்கிறது; போன் குழுவில் எல்லார் பெயரும் ஒரே எழுத்தளவில்தான் இருக்கிறது. பழைய காலம் பொன்னாக இருந்தது என்று எழுதாதீர்கள். அப்போஸ்தலர் நாட்களிலேயே, எங்கள் விதவைகளை அன்றாட விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) விட்டுவிட்டார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் சொல்கிறது.

உபதேசியார் மகள் (சனி, காலை 11.20)

தம்பி, அந்தத் தெருக் கேள்வி எங்கள் ஊரிலும் உண்டு. அப்பாவின் நோட்டிலும் சில பக்கங்கள் மற்றவற்றைவிட அழுக்காக இருக்கும், சில பக்கங்கள் புதிதாகவே இருக்கும். அவர் எந்தத் தெருவுக்கு அடிக்கடி போனார் என்று அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும். அவர் நல்லவர், ஆனாலும் இது உண்மை.

ஒரு தாய் (சனி, பகல் 2.10)

இரண்டு பக்கமும் படித்தேன். என் மகள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தபோது எங்கள் ஜெபக் குழுவில் நம்பிக் கேட்டேன். மறுநாளே அது வேறு நான்கு குழுக்களுக்குப் போய்விட்டது, அவள் பெயரோடு, மருத்துவமனைப் பெயரோடு. "பாரத்தோடு ஜெபிக்கவும்" என்று மேலே எழுதியிருந்தார்கள். பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், ஆலயத்துக்கு வருவதில்லை. "எல்லாருக்கும் என்னைத் தெரியும் அம்மா, யாருக்கும் என்னோடு பேசத் தெரியவில்லை" என்கிறாள்.

இப்போது என் பாரத்தை இரண்டு பேரிடம் மட்டும் சொல்கிறேன். ஒருவர் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பாத்திரம் கழுவும்போது பழக்கமான அக்கா. அவர் சத்தமாக ஜெபிக்கவே மாட்டார்.

பனைவிளை (சனி, மாலை 5.00)

அம்மா, மன்னியுங்கள். எங்கள் குழுவிலும் அப்படி ஒரு குறிப்பை நானே வேறு குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். நல்லது செய்வதாக நினைத்தேன். அந்த வீட்டில் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும் என்று தோன்றவில்லை.

வாடகை வீட்டுத் தம்பிக்கு: கேசரி, வடை பற்றி நீங்கள் சொன்னது எங்கள் ஊருக்கும் பொருந்தும். அதை நிறுத்தத் தீர்மானம் போடலாம். கூட்டத்தையே நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

பெங்களூர் மெதடிஸ்ட் (சனி, மாலை 6.45)

எங்கள் திருச்சபை வரலாற்றில் இதற்கு ஒத்த ஒன்று உண்டு. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு; கொடுக்க முடியாதவருக்கு அந்தப் பொறுப்பாளர் தாமே கட்டுவார். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுவந்து, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் சொன்னார்கள். மேய்ப்புப் பணிக்கு இதுவே வழி என்று அவர் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேர் என்பது ஒருவர் நடந்து பார்க்கக்கூடிய எண்ணிக்கை. 180 குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே குழு வைத்தால் ஒருவருக்கும் பொறுப்பு இராது.

குவைத் செவிலி (சனி, இரவு 8.30)

அப்படியானால் ஒரு கேள்வி. நடந்து போய்ப் பார்ப்பது யார்? எங்கள் ஊரில் இதுவரை போனவர்கள் எல்லாம் பெண்கள். பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனவர்கள். மன்றத்தில் தீர்மானம் போடுகிற ஆண்கள் வெள்ளிக்கிழமை எங்கே இருந்தார்கள்? ஆள் குறைந்ததற்குப் போனைச் சொல்கிறீர்கள். அந்தப் பெண்கள் களைத்துப்போனார்கள் என்று நான் சொல்கிறேன்.

குழுவை வைத்துக்கொண்டே ஒன்று செய்யலாம். உதவி தேவைப்படும் குறிப்பு வந்தால், யாராவது ஒருவர் "நான் போகிறேன்" என்று எழுதும்வரை மற்றவர்கள் ஆமென் போடக் கூடாது.

உபதேசியார் மகள் (சனி, இரவு 9.10)

ஆண்களைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆமெனைத் தடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. என் அம்மா கடைசி மூன்று வருடம் படுக்கையில் இருந்தார். திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும். அவரால் முடிந்தது ஜெபம் ஒன்றுதான். குழுவில் வரும் குறிப்பை நான் வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கிடப்பார். பிறகு, "போட்டுவிடு" என்பார். நான் அவர் பெயரில் ஆமென் போடுவேன். பனைவிளை ஐயா எண்ணிய 63 ஆமெனில் அப்படிப்பட்டவை எத்தனை என்று யாருக்குத் தெரியும்? கால் இருந்தும் போகாதவர்களைக் கேளுங்கள். படுக்கையிலிருந்து வந்த ஆமெனை அவற்றோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

பனைவிளை (ஞாயிறு, மாலை 4.20)

மன்றம் முடிந்து வந்து எழுதுகிறேன். தீர்மானத்தை மூன்று மாதம் ஒத்திவைத்திருக்கிறார்கள். பலகாரம் கூடாது, தண்ணீர் மட்டும் என்பது நிறைவேறியது. ஒற்றை அறை வீடாக இருந்தாலும் முறை தவறக் கூடாது என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. பகுதிக்கு இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் வீடு பார்க்கப் பெயர் கொடுக்க வேண்டும் என்றதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. ஆறு பகுதிக்கும் பன்னிரண்டு ஆண்கள் தேவை. கிடைத்தது ஐந்து, என்னையும் சேர்த்து.

பாட்டியை இன்று பார்த்தேன். எலும்பு கூடிவிட்டது. ஊன்றுகோலோடு ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

உபதேசியார் மகள் (ஞாயிறு, மாலை 5.00)

குவைத் தங்கச்சி, உங்கள் அம்மா இருப்பது எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். நாசரேத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நேர் பஸ் இருக்கிறது.

குவைத் செவிலி (செவ்வாய், இரவு 10.50)

அக்கா வந்துபோனார் என்று அம்மா போனில் சொன்னார். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தாராம். காலையில் போடும் பிரஷர் மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருக்கிறது. அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. அக்காவே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். அம்மாவுக்கு ஒரே ஒரு குறை. பேச்சு மும்முரத்தில் ஜெபம் பண்ணாமலே பஸ்ஸுக்கு ஓடிவிட்டாராம். "அடுத்த வெள்ளிக்கிழமை வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகச் சொல்" என்கிறார்.