அலெக்ஸ் குரொஸ்: பழுது என் டிவியிலா, படத்திலா?

உவர்மலையான்:
நேற்றிரவு மச்சான் பென் டிரைவில் கொண்டுவந்த 'அலெக்ஸ் குரொஸ்' (2012) பார்த்தோம். தொடர் கொலைகாரனைத் துரத்தும் துப்பறிவாளன் கதை. நடுவில் கரண்ட் போய் வந்தது, அது பரவாயில்லை. கடைசியில் பாழடைந்த ஒரு கட்டடத்துக்குள் இரண்டு பேரும் கட்டிப் புரளுகிறார்கள், யார் யாருக்கு அடிக்கிறான் என்றே பிடிபடவில்லை. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகில் நின்றுகொண்டு போனில் எடுத்த வீடியோ மாதிரி ஒரே ஆட்டம். மாமி மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தா. "தம்பி, உங்கட டிவிக்கு வயசு போட்டுது" என்று எழும்பிப் போய்விட்டா. திருத்துகிறவர் வந்து பார்க்கவே 1500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கவா, விடவா?

டச்சுக்குடா காகம்:
காசை வையுங்கள் அண்ணை, டிவி நல்லாத்தான் இருக்கு. இயக்கியவர் ராப் கோஹன், 2001இல் 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' எடுத்தவர். அங்கே காரை ஓடவிட்டார், இங்கே கமராவை. இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை நாலு விநாடி சேர்த்துக் காட்டினால் போதும், பிறகு எவ்வளவு வெட்டினாலும் கண் தொடரும். முழங்கை, சுவர், பல் என்று துண்டு துண்டாகக் காட்டி அதையும் உலுக்கினால் என்ன செய்வது? செலவு 35 மில்லியன் டொலர். உலகம் முழுக்க ஓடியும் வசூல் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கன்னியா வெந்நீர்:
கொலைகாரனாக வரும் மத்தியூ ஃபொக்ஸை மறக்க வேண்டாம். 'லொஸ்ட்' தொடரில் டாக்டராக வந்தவர். இதில் உடம்பை வற்றவைத்து, எலும்பும் நரம்புமாக வந்து நிற்கிறார். கொலை நடந்த இடத்தில் கரியால் ஒரு படம் கீறி வைத்துவிட்டுப் போவான், அதை மடித்தால் அடுத்து யார் என்று தெரியும். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு மகளின் சித்திரக் கொப்பியில் நானும் கீறி மடித்துப் பார்த்தேன். மாடு மாதிரி ஒன்று வந்தது. சரி, எனக்குக் கோபம் எதில் என்றால், எதிரி இவ்வளவு யோசிக்கிறான், மனநூல் படித்த நாயகனோ பாதியில் யோசிப்பதை விட்டுவிட்டுத் துவக்கைத் தூக்குகிறான்.

மான்கூட்டம்:
1997இலும் 2001இலும் இதே குரொஸாக மோர்கன் ஃப்ரீமன் நடித்திருக்கிறார். அவர் சும்மா நின்றாலே மண்டைக்குள் ஏதோ ஓடுவது தெரியும். இதில் குரொஸாக வரும் டைலர் பெரி பாவம், வேறு படங்களில் கிழவி வேஷம் போட்டுச் சிரிக்கவைத்த மனிதர்.

உவர்மலையான்:
நன்றி, 1500 மிச்சம். மாமியிடம் டிவி குற்றமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. படத்தில் பேரன் குரொஸை அதட்டுகிற அந்தப் பாட்டியை மட்டும் அவவுக்குப் பிடித்துவிட்டது. சிசிலி டைசன் என்று பெயர் சொன்னேன். "அவவின்ர வேற படம் இருந்தா மச்சானிட்டச் சொல்லி எடுப்பியுங்கோ" என்றா. யாரிடமாவது இருக்கிறதா?