"கூட்டாட்சி எதிர்ப்பாளர்" பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க அரசமைப்பு விவாதங்களைத் தமிழாக்கும்போது ஒரு பெயரில் தடுக்கி நிற்கிறேன். ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் புதிய அரசமைப்பை ஆதரித்து 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். அந்தத் தரப்பைக் 'கூட்டாட்சியாளர்' என்கிறோம். உடனே அந்த அரசமைப்பை எதிர்த்த மறுதரப்பு 'கூட்டாட்சி எதிர்ப்பாளர்' ஆகிவிடுகிறது. மறுதரப்பில் ஒருவர் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் எழுதி 1787 அக்டோபரில் வந்த முதல் கட்டுரையை வாசித்த பிறகு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. வரையறுத்த சில பணிகளுக்கு மட்டும் பொதுத் தலைமை, மற்றபடி பதின்மூன்று தனிக் குடியரசுகள்: இதைத்தான் அவர் விரும்பினார். இது கூட்டாட்சி அல்லாமல் வேறென்ன? அவர் அஞ்சியது கன்சாலிடேஷனை, அதாவது மாநிலங்கள் கரைந்து ஒரே அரசாகிவிடுவதை. அதை 'ஒருங்கிணைப்பு' என்றால் நல்ல காரியம்போல் ஒலிக்கிறது. 'ஒற்றையாக்கம்' எனலாமா? இவர்கள் 'ஒற்றையாக்க எதிர்ப்பாளர்'.

---

ஐயா, 'ஒற்றையாட்சி' பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல். 'ஒற்றையாட்சி எதிர்ப்பாளர்' என்றாலே மாணவர்களுக்கு விளங்குமே. புதுச்சொல் எதற்கு?

---

அம்மா, ஆட்சிக்கும் ஆக்கத்துக்கும் உள்ள தொலைவில்தான் புரூட்டஸின் வாதமே இருக்கிறது. புதிய அரசமைப்பு முழு ஒற்றையாட்சி அல்ல என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நடைமுறைக்கு வந்தால் அங்கேதான் போய் முடியும் என்கிறார். 'ஒற்றையாட்சி' என்று போட்டால் இல்லாததை எதிர்த்தவராக அவரைக் காட்டிவிடுவோம்.

அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. இந்த அரசமைப்புக்கு முன் மாநிலங்களைப் பிணைத்திருந்த பழைய உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, 'வெளிப்படையாக' ஒப்படைக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கே என்றது. அதே விதியை அரசமைப்பில் சேர்த்து 1791இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் அந்த 'வெளிப்படையாக' இல்லை. ஒரே ஒரு சொல்தான். ஆனால் உய்த்துணரும் அதிகாரங்கள் (எழுதப்படாமலே நடுவணரசுக்கு உண்டெனக் கொள்ளப்படுபவை) நுழைய அந்த இடைவெளி போதும். மறுதரப்பை வாசிக்காமல் இருந்திருந்தால் அந்த இடத்தை நான் கவனிக்காமலே கடந்திருப்பேன்.

பப்ளியஸையும் குறைத்துச் சொல்லவில்லை. 39ஆம் கட்டுரையில், இந்த அரசமைப்பு முழுக்கத் தேசியமும் அல்ல, முழுக்கக் கூட்டாட்சியும் அல்ல, இரண்டின் கலவை என்று மேடிசன் நேர்மையாகவே எழுதுகிறார்.

---

ஐயா, புரூட்டஸின் அந்த வரிக்காக 'ஒற்றையாக்கம்' என்பதை ஏற்கிறேன். ஆனால் 'கூட்டாட்சியாளர்' அப்படியே இருக்கட்டும்; அது அவர்கள் தாமே சூடிக்கொண்ட பெயர். கூட்டாட்சியை விரும்பிய தங்களுக்கே 'எதிர்ப்பாளர்' பட்டம் கட்டியது அநீதி என்று மறுதரப்பினர் குமுறியதை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் எல்பிரிட்ஜ் கெர்ரி 1789இல் அவையிலேயே எடுத்துச் சொன்னார். அதை முதல் இயலிலேயே சேர்த்துவிடுங்கள்.